லைப்போ சார்ஜர் வாங்குமுன்: ஆம்பியரை விடுங்கள், வாட்டைப் பாருங்கள்

நெல்லைச் சீமையில் ஆர்சி (ரிமோட்டில் இயங்கும்) மாடல் விமானம் பறக்கவிடுகிறவர்களுக்குக் கிடைக்கும் நேரம் கொஞ்சம்தான். ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று இறங்க ஆரம்பித்துவிட்டால், பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் வெயில் ஏறிய பிறகு சிறிய மாடல் சொன்னபடி கேட்காது. சித்திரை, வைகாசியில் வெயிலே விரட்டிவிடும். ஆக, விடிந்ததிலிருந்து இரண்டு, இரண்டரை மணி நேரம். வற்றிய குளத்துத் தரையில் பிளக் பாயின்ட் ஏது? இருக்கிற இரண்டு மூன்று லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி பேக்கை அங்கேயே திரும்ப ஏற்றத்தான் கையடக்க சார்ஜர் வாங்குகிறார்கள். அப்போது பலரும் பார்ப்பது பெட்டியில் கொட்டை எழுத்தில் உள்ள ஆம்பியர் எண்ணை.

சார்ஜரின் வலு வாட்டில் இருக்கிறது. லைப்போ செல் ஒன்று முழுதாக ஏறினால் 4.20 வோல்ட். 3எஸ் பேக் (மூன்று செல் தொடராக இணைத்தது) என்றால் 12.6 வோல்ட். 2200 எம்ஏஎச் பேக்கை 1சி வேகத்தில், அதாவது அதன் கொள்ளளவு எண்ணுக்குச் சமமான 2.2 ஆம்பியரில் ஏற்ற 28 வாட் போதும். அதுவே 4எஸ் 5000 என்றால் 84 வாட், 6எஸ் 5000 என்றால் 126 வாட். ‘6 ஆம்பியர், 50 வாட்’ என்று எழுதிய சார்ஜர் 6எஸ் பேக்குக்கு 2 ஆம்பியர்தான் தரும். 5000 பேக் ஏறி முடிக்க இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். பறக்கவிடும் நேரம் முழுதும் அதிலேயே போய்விடும். உங்களிடம் உள்ள பெரிய பேக்கின் முழு வோல்ட்டை 1சி ஆம்பியரால் பெருக்கி, அதோடு கால்வாசி கூட்டி வாங்குங்கள். பேக்கின் மேல் எழுதியிருக்கும் 40சி, 60சி என்பது மோட்டாருக்குக் கொடுக்கும் வேகம். ஏற்றும் வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தயாரிப்பாளர் வேறு சொல்லாதவரை 1சியைத் தாண்ட வேண்டாம்.

ஆர்சி காரோடு இலவசமாக வரும் பி3 வகை சார்ஜர் வீட்டுக்கு மட்டுமே. 2எஸ், 3எஸ் தவிர வேறு எதையும் ஏற்றாது. செல் வோல்ட் காட்டாது, பறக்காத நாளில் பேக்கைப் பாதியளவில் வைக்கும் ஸ்டோரேஜ் முறையும் கிடையாது.

அடுத்தது, அந்த வாட் எங்கிருந்து வரும் என்ற கேள்வி. சார்ஜர் வாங்குகிறவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். சார்ஜர் 100 வாட் கொடுக்க வேண்டுமானால், இழப்பும் சேர்த்து 118 வாட் அளவுக்கு உள்ளே இழுக்கும்; 12 வோல்ட்டில் அது கிட்டத்தட்ட 10 ஆம்பியர். பல கார்களில் சிகரெட் லைட்டர் சாக்கெட்டின் ஃபியூஸே 10 அல்லது 15 ஆம்பியர்தான். பேனட்டைத் திறந்து பேட்டரியிலேயே கிளிப் போடுங்கள். தடித்த ஒயர், கிளிப்பை ஒட்டியே 15 ஆம்பியர் ஃபியூஸ், இரண்டும் கட்டாயம். ஒயர் மெலிதாக இருந்தால் அதுவே சூடாகி வோல்ட்டைத் தின்றுவிடும். சார்ஜர் ‘இன்புட் லோ’ என்று நின்றுவிடும். சார்ஜரின் செட்டிங்கில் இன்புட் கட்-ஆஃபை 12 வோல்ட்டில் வைத்தால் திரும்பி வர கார் ஸ்டார்ட் ஆகும். பைக் பேட்டரி 4, 5 ஏஎச்தான். அதைத் தொட வேண்டாம்.

யுபிஎஸ்ஸில் வரும் 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரியைத் தூக்கிவருகிறவர்கள் உண்டு. எழுத்தில் அது 84 வாட் மணி. பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும் என்பதால் கையில் நிற்பது 42. 3எஸ் 2200 பேக் ஒன்றுக்கு, இழப்போடு, 30 போய்விடும். அப்படியானால் ஒரு பேக்குக்குத்தான் ஆகும். 12.8 வோல்ட் 12 ஏஎச் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி இருந்தால் நாலு பேக் ஏற்றலாம், எடையும் குறைவு. அடிக்கடி போகிறவர்களுக்கு எங்கள் பரிந்துரை இதுதான். 20000 எம்ஏஎச் பவர்பேங்க் உள்ளே 3.7 வோல்ட் கணக்கு, அதாவது 74 வாட் மணி. இரண்டு சிறிய பேக்குக்கு வரும். அதுவும் 65 வாட் பிடி (யுஎஸ்பி பவர் டெலிவரி) வெளியீடும் சார்ஜரில் டைப்-சி பிடி உள்ளீடும் இருந்தால்தான். சாதாரண 22.5 வாட் பவர்பேங்கில் மாட்டினால் சிறிய பேக்கே இழுத்துக்கொண்டு கிடக்கும்.

உள்ளீட்டு வோல்ட் எல்லையையும் படியுங்கள். 11 முதல் 18 வோல்ட் என்று எழுதிய பழைய வகையில் 19 வோல்ட் லேப்டாப் அடாப்டரையோ லாரியின் 24 வோல்ட்டையோ கொடுத்தால் போர்டு போய்விடும். புதிய வகைகள் பல 28 வோல்ட் வரை தாங்கும்.

பிரபலமான மாடல்களுக்குப் போலி ஏராளம். வாங்கியதும் ஒரு பேக்கை பேலன்ஸ் முறையில் (எல்லாச் செல்லையும் சமமாக ஏற்றும் முறை) முழுதாக ஏற்றி, ஒவ்வொரு செல்லையும் மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். 4.18 முதல் 4.22 வரை சரி. 4.23ஐத் தாண்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். திரை 4.20 என்று காட்டுவதை மட்டும் நம்ப வேண்டாம்.

களத்தில் சார்ஜரைத் தரையில் வைக்காதீர்கள். திசையன்விளை, குட்டம் பக்கத் தேரி மணல் ஃபேனுக்குள் போனால் சில மாதத்தில் ஃபேன் நின்று, சார்ஜர் சூட்டில் தானே வாட்டைக் குறைத்துக்கொள்ளும். உடைமர நிழலில் சருகை ஒதுக்கிவிட்டு, ஒரு செங்கல் மேல் வையுங்கள். பேக்கைப் பெரிய மண்சட்டியில் வைத்து ஏற்றுங்கள், மூடியை இறுக்க வேண்டாம். பக்கத்தில் ஒரு வாளி உலர்ந்த மணல் இருக்கட்டும். தீப்பிடித்தால் புகையைச் சுவாசிக்காமல் விலகிவிடுங்கள், அது நஞ்சு. அடைத்த காருக்குள் ஏற்றவே கூடாது. பறந்து இறங்கிய பேக் கை பொறுக்காத சூட்டில் இருக்கும்போது மாட்டாதீர்கள். கால் மணி நேரமாவது ஆறட்டும். 45 டிகிரிக்கு மேல் லைப்போவை ஏற்றக் கூடாது.

மாட்டும் வரிசை முக்கியம். சார்ஜருக்குக் கரண்ட், பிறகு பனானா பிளக்கைச் சார்ஜரில், அதன் பிறகே அந்த ஒயரின் மறுமுனையில் உள்ள எக்ஸ்டி60 பிளக்கைப் பேக்கில், கடைசியில் பேலன்ஸ் ஒயர். பேக்கை முதலில் மாட்டினால் தொங்கும் இரண்டு பனானா முனையும் உரசி ஷார்ட் ஆகும். ஸ்டார்ட் அழுத்துமுன் ‘லைப்போ, 3எஸ்’ என்று திரையில் வாசியுங்கள். சாதாரண லைப்போவை எல்ஐஎச்வி (உயர் வோல்ட் லித்தியம்) முறையில் வைத்தால் செல் 4.35 வரை ஏறும். என்ஐஎம்எச் (நிக்கல் பேட்டரி) முறையில் வைத்தால் 4.20இல் நிறுத்த எதுவும் இல்லை, தீதான். செல் 3.0 வோல்ட்டுக்குக் கீழே கிடந்தாலோ பேக் உப்பியிருந்தாலோ ஏற்ற வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் பறக்காமல் மிஞ்சிய பேக்கை ஸ்டோரேஜ் முறையில் செல்லுக்கு 3.80–3.85க்கு இறக்கி வையுங்கள். வாங்கும்போது டிஸ்சார்ஜ் வாட்டையும் கேட்பது இதற்காகத்தான். கையடக்க சார்ஜர் பல 5 வாட்தான் இறக்கும். முழுதாக ஏறிய 3எஸ் 2200க்கு அது இரண்டு மணி நேரம். 6எஸ் 5000க்கு ஒரு ராத்திரி முழுக்க ஆகும், கண்காணிக்க முடியாது; அதைக் களத்திலேயே பறக்கவிட்டுத் தீர்த்துவிட்டு வாருங்கள்.