ஓட்டையே இல்லாத சல்லடை

"ஆலைப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரிக்கும் சவ்வை முப்பரிமாண அச்சில் எடுக்கிறார்களாமே, அவ்வளவு சின்ன ஓட்டையை பிரிண்டர் எப்படிப் போடும்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நல்ல சந்தேகம். போடாது என்பதுதான் பதில்.

கரியமில வாயு மூலக்கூறின் அகலம் 0.33 நானோமீட்டர், புகையில் கூடவே வரும் நைட்ரஜனுக்கு 0.364. ரெசின் என்ற திரவப் பிசினை ஒளியால் இறுக்கி அடுக்கும் சாதாரண பிரிண்டரின் ஓர் அடுக்கோ சுமார் 50 மைக்ரோமீட்டர்; மூலக்கூறைப் போல ஒன்றரை லட்சம் மடங்கு. கடப்பாரையால் ஊசிக்குக் காது குத்துகிற கதை.

அப்புறம் எப்படித்தான் பிரிகிறது? எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. ரப்பர், பிளாஸ்டிக் போன்ற நீளச் சங்கிலி மூலக்கூறுகளால் ஆன இந்த பாலிமர் சவ்வுகளில் ஓட்டையே கிடையாது! முழு ரப்பர் வழியாகவும் வாயுக்கள் ஆளுக்கொரு வேகத்தில் கசிவதை 1831-ல் பிலடெல்பியா மருத்துவர் ஜான் மிட்செல் கவனித்தார். காரணத்தை 1866-ல் தாமஸ் கிரகாம் சொன்னார்: வாயு ரப்பரில் கரைகிறது, மறுபக்கம் போய் ஆவியாகிறது. சர்க்கரை தண்ணீரில் கரைகிற மாதிரியேதான்.

கரைவதில் கரியமில வாயு கெட்டிக்காரன். 31 டிகிரி வரை அழுத்தினாலே திரவமாகிவிடும் வாயு அது. நைட்ரஜனை அப்படி மடக்க மைனஸ் 147 டிகிரிக்குக் கீழே போக வேண்டும். அதனால் சவ்வுக்குள் நுழைவதிலேயே கரியமிலம் முந்திக்கொள்கிறது. உள்ளே பாலிமர் சங்கிலிகள் ஓயாமல் நெளிகின்றன. கூட்ட நெரிசலில் யாரோ தோளைத் திருப்பும் நேரம் பார்த்து நாம் அரை அடி நகர்வோமே, அப்படி ஒரு கணம் பக்கத்தில் இடம் திறக்கும். மூலக்கூறு தாவும். பின்னால் வழி மூடிக்கொள்ளும். ஒல்லியான கரியமிலத்துக்கு இங்கேயும் சலுகை. சாதாரண இயற்கை ரப்பரிலேயே அது நைட்ரஜனைவிடப் பத்து மடங்குக்கு மேல் வேகமாகக் கடக்கிறது.

சரி, பிரிண்டருக்கு என்ன வேலை? பிரிக்கிற அடுக்கு 0.1 மைக்ரோமீட்டர் அளவுக்கு மெல்லியதாக இருந்தால்தான் வாயு சட்டென்று கடக்கும். அதைத் தாங்க, நுண்துளையுள்ள ஒரு கூடு வேண்டும். கூடு தட்டையாக இருந்தால் இன்னொரு தொல்லை: கரியமிலம் போனபின் மிஞ்சும் நைட்ரஜன் சவ்வை ஒட்டியே தேங்கி, புதுப் புகையை நெருங்கவிடாது. எனவே ஜைராய்டு என்ற வளைபரப்பை அச்சிடுகிறார்கள். நாசாவில் இருந்த ஆலன் ஷோன் 1970-ல் விவரித்த வடிவம் அது. இரண்டு சுரங்கப் பாதைகள் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றிப் போகும், எங்குமே சந்திக்காது. ஒன்றில் புகை, மற்றதில் பிரிந்த கரியமிலம். பாதை வளைந்துகொண்டே போவதால் புகை திரும்பித் திரும்பித் தானாகவே கலங்குகிறது.

கடைசியில் பூச்சு: பிரிக்கிற அந்த மெல்லிய அடுக்கை அச்சிட்ட கூட்டின் மேல் பூச வேண்டும். அதில் ஓர் ஊசித்துளை விழுந்தாலும் போச்சு, கரைகிற சிரமமெல்லாம் இல்லாமல் நைட்ரஜன் அந்த வழியாகப் பாய்ந்துவிடும். புதுப் பாலிமர் என்றால் ஆய்வு நிதி வருகிறது, பூச்சைச் சரியாகப் பூசுவது என்றால் "வெறும் கைவேலை" என்கிறார்கள். எனக்கு இதில் தீராத எரிச்சல். 50 மைக்ரோமீட்டர் படிக்கட்டுகளாக நிற்கும் அச்சின் மேல் 0.1 மைக்ரோமீட்டர் போர்வையை எங்கும் கிழியாமல் போர்த்த வேண்டும். யாருக்குப் பணம் கொடுப்பது என்று என்னைக் கேட்டால், அந்தக் கைவேலைக்காரர்களுக்குத்தான்.