ஆட்டம் முடிந்தது, கணக்கு எங்கே வாத்தியாரே?

மறுபடியும் ஒரு தெருக்கூத்துக் குழு, அதாவது ஜமா; மறுபடியும் அதே கதை. அரசு நிதியுதவியின் முதல் தவணை வந்து, செலவாகி, கெடுவும் தாண்டிவிட்டது. அடுத்த தவணை ஏன் வரவில்லை என்று கேட்கப் போனவர்களிடம், கொடுத்த பணம் சொன்ன வேலைக்கே செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் எங்கே என்று திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். ஜமாவை நடத்தும் வாத்தியார் என் மேசைமேல் வைத்தவை ஒரு வங்கிப் புத்தகம், ஒரு கத்தைப் புகைப்படம், ஒரு செய்தித்தாள் நறுக்கு. ரசீது என்று ஒரு துண்டுச் சீட்டுக்கூட இல்லை. பணத்தை யாரும் தின்றுவிடவில்லை. கிரீடமும் புஜக்கீர்த்தியும் புதிதாகச் செய்திருக்கிறார்கள். முகவீணைக்காரருக்கும் மிருதங்கக்காரருக்கும் கூலி கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைகள் அடவு கற்றிருக்கிறார்கள். எல்லாம் உண்மை, எதற்கும் தாள் இல்லை.

கிராமியக் கலைக்குழுக்களுக்கும் சிறிய நாடக அமைப்புகளுக்கும் தணிக்கை செய்கிற கணக்காளன் நான். கலைக்கான நிதியைக் காப்பாற்ற வேண்டும் என்று ஆண்டுதோறும் பிப்ரவரியில் கட்டுரைகள் வருகின்றன, கையெழுத்து இயக்கங்கள் நடக்கின்றன. நானும் கையெழுத்திடுகிறேன். நிதி போதாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2025-26 ஒன்றிய பட்ஜெட்டில் பண்பாட்டு அமைச்சகத்துக்கு ஒதுக்கப்பட்டது 3,360.96 கோடி ரூபாய். மொத்த பட்ஜெட் 50 லட்சம் கோடிக்கு மேல். நூறு ரூபாயில் ஏழு பைசாகூட இல்லை. அந்த ஏழு பைசாவிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தொல்லியல் துறைக்குப் போய்விடும். மீதியில்தான் அருங்காட்சியகங்கள், நூலகங்கள், அகாதெமிகள், தஞ்சாவூரில் இருக்கும் தென்மண்டலப் பண்பாட்டு மையத்தைப் போன்ற ஏழு மண்டல மையங்கள். இத்தனைக்கும் பிறகு ஒரு ஓரத்தில் நம் ஜமா.

இந்தத் தொகையும் நிலையானது அல்ல. 2020-21இல் 3,149.86 கோடியாக இருந்த ஒதுக்கீடு அடுத்த ஆண்டே 2,687.99 கோடிக்கு இறங்கியது. பெருந்தொற்றுக் காலத்தில் வெட்ட வேண்டும் என்று வந்தபோது இங்கே ஏறத்தாழ 15 சதவீதம் போனது. அது நம் கையில் இல்லாத வெட்டு. நம் கையில் இருக்கும் வெட்டு ஒன்று உண்டு, அதைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை. சான்றிதழ் வராவிட்டால் அடுத்த தவணை விடுவிக்கப்படாது. விடுவிக்கப்படாத பணம் ஆண்டு நடுவில் திருத்த மதிப்பீடு போடும்போது "செலவாகாதது" என்று கணக்கில் ஏறும். மார்ச் 31 தாண்டினால் அந்த ஒதுக்கீடு காலாவதி. போன ஆண்டு கொடுத்ததையே செலவழிக்கவில்லையே, இந்த ஆண்டு எதற்கு இவ்வளவு என்று நிதித் துறையில் ஒருவர் கேட்பார். அவருக்குக் கலைமேல் விரோதம் எதுவும் இல்லை. அவர் முன்னால் இருக்கும் தாளில் அப்படித்தான் இருக்கிறது.

இனி என்னை உண்மையில் எரிச்சல்படுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். "ஆடிட்டர் சார், ஊரே உட்கார்ந்து விடியவிடியப் பார்த்தது, ஆடியதற்குச் சாட்சி வேண்டுமா?" இதே கேள்வியை எத்தனை வாத்தியார்கள் என்னிடம் கேட்டுவிட்டார்கள்! ஐயா, நீங்கள் ஆடினீர்களா என்று யாரும் சந்தேகப்படவில்லை. ஆட்டத்துக்குப் புகைப்படம் சாட்சி, பணத்துக்கு அது சாட்சி ஆகாது. இவற்றைக் குழப்பிக்கொள்வதற்குக் காரணம், வந்த பணத்தைச் சன்மானமாக நினைப்பது. இத்தனை ஆண்டு கலையைக் காப்பாற்றினேன், அரசு பார்த்துக் கொடுத்தது, என் பணம், என் விருப்பம் என்கிற எண்ணம். படித்த நாடகக்காரர்களிடமும் இது இருக்கிறது. அவர்கள் இன்னும் அழகான சொற்களில் சொல்வார்கள், அவ்வளவுதான்.

சன்மானமாக வருவதும் உண்டு. விருதுப் பணம் உங்களுடையது. தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் நலிந்த மூத்த கலைஞர்களுக்குத் தரும் மாதம் 3,000 ரூபாய் உங்களுடையது. அதில் அரிசி வாங்கினீர்களா, பேரனுக்குச் சட்டை வாங்கினீர்களா என்று யாரும் கேட்கப்போவதில்லை. திட்ட நிதி வேறு. இன்ன வேலைக்கு, இன்ன காலத்துக்குள், இன்ன தலைப்பின்கீழ் என்று எழுதிக் கொடுத்த பணம் அது. அந்த வேலை முடியும்வரை நீங்கள் அதன் பொறுப்பாளர், உரிமையாளர் அல்ல.

இது உங்களுக்குத் தெரியாத விஷயமும் அல்ல. பாரதத் திருவிழாவுக்கு ஊரில் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி வசூலிக்கிறார்கள். அந்தப் பணத்தில்தான் உங்களுக்குத் தாம்பூலம் வைத்து அச்சாரம் கொடுக்கிறார்கள். படுகளமும் தீமிதியும் முடிந்த பிறகு, திரௌபதி அம்மன் கோயில் முன்னால் வரவு செலவைப் படிக்காமல் நாட்டாண்மை எழுந்து போக முடியுமா? "திருவிழாதான் நன்றாக நடந்ததே, கணக்கு எதற்கு?" என்று அவர் சொன்னால் அடுத்த ஆண்டு யார் வரி கொடுப்பார்கள்? அரசு நிதியும் தலைக்கட்டு வரிதான். வசூலித்த எல்லை பெரியது, கணக்குக் கேட்பவர் தில்லியில் இருக்கிறார். கேட்கும் உரிமை மட்டும் அதே உரிமை. தணிக்கைத் துறை நினைத்தால் உங்கள் ஜமாவின் நோட்டையே வாங்கிப் பார்க்கலாம். அதற்கு விதியில் இடம் இருக்கிறது.

எங்கள் தொழிலைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். "சதவீதம் கொடுத்தால் போதும், கையெழுத்து வாங்கித் தருகிறேன்" என்று ஒரு தரகர் வருவார். தில்லியில் ஆள் இருக்கிறது என்பார். நம்பாதீர்கள். பட்டயக் கணக்காளர் வழங்கும் ஒவ்வொரு சான்றிதழுக்கும் 2019 முதல் 18 இடங்கள் கொண்ட ஓர் அடையாள எண் கட்டாயம். அதை இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். எண் இல்லாத முத்திரை வெறும் மை. போலிச் சான்றிதழ் பிடிபட்டால் தரகர் தலைமறைவாகிவிடுவார், வாத்தியாரின் பெயர்தான் கோப்பில் இருக்கும். ஒரு ஜமா பிடிபட்டால் அந்த வட்டாரத்துக் கலைஞர்களின் விண்ணப்பங்கள் எல்லாவற்றையும் சந்தேகக் கண்ணோடு பார்ப்பார்கள் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே, பணம் வருவதற்கு முன்பே சில வேலைகளை முடியுங்கள். திட்டத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள். செயலாளரின் சொந்தக் கணக்கில் அரசுப் பணம் ஒரு நாள்கூடத் தங்கக் கூடாது. தொண்டு அமைப்புகளுக்கான அரசு இணையதளமான என்ஜிஓ தர்பண் பதிவில் பழைய நிர்வாகிகளின் பெயரே இருந்தால் மாற்றுங்கள். சங்கமாகப் பதிவு செய்தவர்கள் மாவட்டப் பதிவாளரிடம் ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பாதிப் பேர் பதிவு செய்த நாளுக்குப் பிறகு அந்த அலுவலகப் படியையே மிதித்ததில்லை.

அனுமதிக் கடிதத்தை ஆங்கிலம் தெரிந்த யாரையாவது வைத்து வரிவரியாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் பெண்ணோ பேரனோ கல்லூரியில் படித்தால் அவர்களை உட்கார வையுங்கள். ஆடை அணிகலனுக்கு என்று வந்த பணத்தில் வேன் வாடகை கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் முதலில் கடிதம் எழுதி அனுமதி வாங்குங்கள்.

கூலியை அவரவர் வங்கிக் கணக்கில் போடுங்கள். சமையல்காரர், மேடை கட்டுபவர், விளக்குக்காரர் போன்றவர்களிடம் பில் இருக்காது. அவர்களுக்குச் செலவுச் சீட்டு எழுதி, பெயர், தேதி, எதற்கு, எவ்வளவு என்று குறித்துக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கினால் போதும். தொகை 5,000 ரூபாய்க்கு மேல் போனால் ஒரு ரூபாய் வருவாய் முத்திரை ஒட்டுங்கள். இவ்வளவுதான் வேலை, அன்றிரவே முடிந்துவிடும். ஓராண்டு கழித்து அந்த விளக்குக்காரரைத் தேடிப் போனால் அவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பார்.

நிதியில் வாங்கிய ஹார்மோனியத்தையும் கிரீடத்தையும் இருப்புப் பதிவேட்டில் எழுதுங்கள். அனுமதியின்றி விற்கக் கூடாது. ஒரே கலைஞரை இரண்டு குழுக்களின் பட்டியலில் போடாதீர்கள். ஆட வராத மைத்துனரைச் சீடர் பட்டியலில் சேர்க்கும் பழக்கத்தை விடுங்கள். எனக்கே தெரிகிறது, மற்றவர்களுக்குத் தெரியாதா?

அநேகமாக யாருக்கும் தெரியாதது வட்டி. திட்டப் பணம் வங்கியில் இருந்த காலத்துக்குச் சேமிப்புக் கணக்கில் ஏறிய வட்டியும் அரசுக்குரியது. 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. சில நூறு ரூபாய்தான் இருக்கும், ஆனால் அதைக் காட்டாததால் சான்றிதழ் திரும்பி வந்திருக்கிறது. நிதியாண்டு முடிந்து 12 மாதங்களுக்குள் சான்றிதழ் போய்ச் சேர வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. அதற்கான படிவம் 12-ஏ. ஏப்ரலிலேயே வாருங்கள், அப்போது எனக்கும் வேலை குறைவு.

எல்லாப் பழியையும் வாத்தியார்மேல் போடுவது நியாயம் இல்லை. மார்ச் மாதத்தில் அவசரமாகச் செலவழிப்பது நிதி ஒழுங்குக்கு எதிரானது என்று சொல்லும் அதே அமைப்பில், அனுமதிக் கடிதம் பிப்ரவரியில் கைக்கு வருவதும் நடக்கிறது. அதற்குள் வாத்தியார் வட்டிக்கு வாங்கிப் பயிற்சியை நடத்தி முடித்திருப்பார். நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதுகிற நண்பர்கள் "தொகையைக் கூட்டுங்கள்" என்பதோடு நிறுத்தாமல், முதல் காலாண்டிலேயே விடுவியுங்கள், கடிதத்தோடு தமிழில் ஒரு பக்கக் குறிப்பு வையுங்கள் என்றும் கேளுங்கள். பண்பாட்டு அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையைப் போக்குவரத்து, சுற்றுலா, பண்பாட்டுக்கான நாடாளுமன்ற நிலைக்குழு ஆண்டுதோறும் ஆராய்கிறது. அதன் அறிக்கைகள் பொதுவில் கிடைக்கின்றன. கையெழுத்து இயக்கம் நடத்துபவர்கள் அவற்றில் ஒன்றையாவது படித்துவிட்டு எழுதினால் கடிதத்துக்குக் கனம் இருக்கும்.

கெடு தாண்டியவர்கள் ஒளிந்துகொள்ள வேண்டாம். நினைவூட்டல் கடிதங்களைப் பிரிக்காமல் பரணில் போட்டு வைப்பதால் எதுவும் தீராது. நிதி வாங்கும்போது எழுதிக் கொடுத்த ஒப்பந்தப் பத்திரத்தை மீறினால் ஆண்டுக்கு 10 சதவீத வட்டியோடு பணத்தைத் திருப்பிக் கேட்க முடியும், அந்த வட்டி ஏறிக்கொண்டே போகும். அவர்கள் கேட்பதற்கு முன் நீங்களே எழுதுங்கள். இவ்வளவு செலவானது, இதற்கு ஆதாரம் உண்டு, இதற்கு இல்லை, மீதி இவ்வளவு என்று உள்ளபடி எழுதுங்கள். மீதியையும் வட்டியையும் ஒன்றிய அரசுக்குப் பணம் கட்டும் பாரத்கோஷ் இணையதளம் வழியாகக் கட்டி, ரசீதை இணையுங்கள். பிறகு உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் கணக்காளரிடம் போங்கள். போகும்போது வங்கிப் புத்தகம், அனுமதிக் கடிதம், வந்த கடிதங்கள், காசோலைப் புத்தகத்தின் அடிக்கட்டை என்று எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். புகைப்படங்களையும் கொண்டு போகலாம், அவை கடைசியில் தேவைப்படும்.