காம்போ என்கிற அடிவரிசை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிரியாணிக் கடைப் பலகையில் எழுதியிருக்கும் 'காம்போ' வேறு. அதே தெருவில் கைப்பேசியைக் குறுக்காகப் பிடித்துக்கொண்டு "ஏழு ஹிட் காம்போடா!" என்று பையன்கள் கத்துகிற காம்போ வேறு. கடைக்காரர் சொல்வது, இரண்டு மூன்று பண்டங்களைச் சேர்த்து ஒரே விலைக்குத் தருவதை. பையன்கள் சொல்வது, முதல் அடி விழுந்தபின் எதிராளிக்குத் தடுக்கவும் திருப்பித் தாக்கவும் இடமே கொடுக்காமல் அடிமேல் அடியாகக் கோத்துக்கொண்டு போவதை. இந்த இரண்டாவது காம்போவுக்குத் தமிழில் அச்சாகப் பொருந்தும் சொல் ஒன்று உண்டு. அதற்கு முன் காம்போ பிறந்த கதை.

'காம்பினேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லின் சுருக்கம்தான் காம்போ. பிற்கால லத்தீனில் அதன் வேர் இருக்கிறது: 'காம்' என்றால் உடன், 'பினி' என்றால் இரண்டிரண்டாக. அமெரிக்காவில் நாலைந்து பேர் சேர்ந்து வாசிக்கும் சிறிய ஜாஸ் குழுவையும் காம்போ என்றே அழைத்தார்கள். வீடியோ விளையாட்டுக்குள் அது நுழைந்தது ஒரு பிழையின் வழியாக.

1991இல் ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' என்ற சண்டை விளையாட்டை வெளியிட்டது. அதில் இடையிடையே ஒரு காரை அடித்து நொறுக்கும் போனஸ் கட்டம் வரும். தயாரிப்பாளர் நொரிடகா ஃபுனமிசு அந்தக் கட்டத்தில் பிழை இருக்கிறதா என்று சோதித்துக்கொண்டிருந்தார். ஓர் அடி விழுந்தவுடன், சரியான கணத்தில் பொத்தானை அழுத்தினால் இன்னோர் அடியும் இடைவெளியின்றி விழுவதைக் கண்டார். யாரும் திட்டமிட்டு வைத்ததல்ல அது. நேரம் பிடிப்பது அவ்வளவு கடினம் என்பதால் ஆட்டக்காரர்களுக்குப் பயன்படாது என்று எண்ணினார், நீக்காமல் அப்படியே விட்டுவைத்தார். ஆனால் ஆர்க்கேடு எனப்படும் விளையாட்டுக்கூடங்களில் காசு போட்டு ஆடியவர்கள் அதைத் தேடிப் பிடித்துக் கலையாகவே வளர்த்துவிட்டார்கள். 1993இல் வந்த 'சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' எத்தனை அடி சேர்ந்தது என்று திரையிலேயே எண்ணிக் காட்டத் தொடங்கியது. ஒளிந்திருந்த பிழை அன்றோடு விதியாகிவிட்டது.

அது நடக்கும் விதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். இந்த வகை விளையாட்டுகள் பெரும்பாலும் நொடிக்கு 60 சட்டகங்களாக, அதாவது ஃப்ரேம்களாக, ஓடும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் நாயகன் ரியூ எகிறி உதைக்கிறான். உதை பட்ட எதிராளி சில சட்டகங்களுக்குத் தள்ளாடுவான், அந்த நேரம் அவனால் எதுவும் செய்ய முடியாது. தள்ளாட்டம் தீருமுன் ரியூ தரையிறங்கிக் குந்தியபடி ஓர் உதை கொடுக்கிறான். அந்தக் காலை மடக்குமுன்பே ஹடோகென் என்ற நெருப்புருண்டை கிளம்பிவிடுகிறது. மூன்றும் பட்டால் காம்போ. நடுவில் சில சட்டகம் தாமதித்தால்கூட எதிராளி தடுத்துவிடுவான். ஆக, அடிகளின் எண்ணிக்கையைவிட அவற்றுக்கு இடையில் இருக்கும் பிணைப்புதான் காம்போவின் உயிர். சொல் தேடும்போது இதை மறக்கக்கூடாது.

இந்தப் பிணைப்பை எல்லை தாண்டிக் கொண்டுபோனவை, வெவ்வேறு உலகத்து நாயகர்களை ஒரே களத்தில் மோதவிடும் கிராஸ்ஓவர் விளையாட்டுகள். 1996இல் வந்த 'எக்ஸ்மென் வெர்சஸ் ஸ்ட்ரீட் ஃபைட்டர்' இருவர் இருவராக ஆடும் ஆட்டம். ஒருவன் அடித்துக்கொண்டிருக்கையிலேயே கூட்டாளியை உள்ளே இழுக்கலாம். இதை வீட்டுக் கருவிகளுக்குக் கொண்டுவரும்போது நினைவகம் போதவில்லை. சேகா சாட்டர்னுக்கு 4 எம்பி கூடுதல் நினைவக அட்டை கொடுத்துச் சமாளித்தார்கள். பிளேஸ்டேஷன் பதிப்பிலோ ஆள் மாற்றும் வசதியையே எடுத்துவிட்டார்கள். அந்த விளையாட்டின் உயிர்நாடியே ஆள் மாற்றுவதுதான் என்பதால் எனக்கு இன்றும் அது பெரிய இழப்பாகத்தான் படுகிறது.

2000இல் வந்த 'மார்வெல் வெர்சஸ் கேப்காம் 2'இல் 56 பாத்திரங்கள், மூவர் மூவராக மோதல். பழைய விளையாட்டுகளுக்கு வரைந்த பாத்திரப் படங்களையும் எடுத்தாண்டார்கள். அதிலிருக்கும் மோரிகன், 1994இன் 'டார்க்ஸ்டாக்கர்ஸ்' விளையாட்டுக்காக வரைந்த அதே மோரிகன். பின்னணி இசையோ ஜாஸ் சாயல் கொண்டது. காம்போ என்ற பெயரைச் சுமந்த அந்தச் சிறு ஜாஸ் குழுக்களை நினைத்துக்கொண்டு கேட்டால் மனம் நிறைகிறது. இதில் அயர்ன்மேன் போன்றவர்களைக் கொண்டு முடிவே இல்லாமல் அடித்துக்கொண்டிருக்கவும் ஆட்டக்காரர்கள் வழி கண்டுவிட்டார்கள். அதனால் 2011இன் மூன்றாம் பாகத்தில், காம்போ நீள நீள எதிராளியின் தள்ளாட்ட நேரம் குறையும்படி விதி வைத்தார்கள்.

ஜப்பானிய ஆட்டக்காரர்கள் இதைத் தங்கள் மொழியில் 'ரென்சோகு வாசா' என்பார்கள். ரென்சோகு என்றால் தொடர்ச்சி, வாசா என்றால் நுட்பம். பிறகு 'கொன்போ'வும் வந்தது, ஆனாலும் சொந்தச் சொல் மறையவில்லை. நாமும் அப்படிச் செய்யலாம்.

'சேர்க்கை', 'கூட்டு' இரண்டும் பிரியாணிக் கடைக்குச் சரி, சண்டைக்கு ஆகாது. 'தொடர் தாக்குதல்' செய்தித்தாளில் வேறு பொருளில் புழங்குகிறது, நீளமும் அதிகம். என் தேர்வு 'அடிவரிசை'. வெறுங்கையால் குத்தும் நம் தற்காப்புக் கலைக்குக் குத்துவரிசை என்றே பெயர். புதுச்சேரியிலும் கடலூரிலும் சிலம்பம் பழகும் பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லை விளக்கவே வேண்டாம். பாட்டு வகுப்புக்குப் போனால் சரளி வரிசை, ஜண்டை வரிசை. அங்கெல்லாம் வரிசை என்பது சும்மா அடுக்கி வைத்ததல்ல. ஒன்று முடியுமிடத்தில் அடுத்தது பிறக்க வேண்டும், இடையில் விட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். காம்போவின் இலக்கணமும் அதுதான்.

புழங்கவும் எளிது. ஏழு ஹிட் காம்போ என்பது ஏழடி வரிசை. முடிவில்லாமல் போவது முடியா வரிசை. வானத்தில் தூக்கி அடிப்பது வான்வரிசை. நடுவில் கை தப்பிவிட்டால், "வரிசை அறுந்துபோச்சுடா" என்று சொன்னாலே எதிரே ஆடுகிறவனுக்குப் புரிந்துவிடும்.