ஒட்டுண்ணிக் குளவி – சொல் விளக்கம்

ஒட்டு + உண்ணி = ஒட்டுண்ணி. இன்னொரு உயிரை ஒட்டியிருந்து உண்பது என்று பொருள். பேனும் மாட்டு உண்ணியும் இதற்குப் பழகிய எடுத்துக்காட்டுகள். இவை உறிஞ்சுமே தவிர, இடம் கொடுத்த உயிரைப் பெரும்பாலும் கொல்வதில்லை.

நெல் வயலில் பறக்கும் ஒட்டுண்ணிக் குளவியின் கதை வேறு. தாய்க் குளவி பூச்சியின் முட்டையிலோ புழுவிலோ தன் முட்டையை இடும். அதிலிருந்து வரும் குஞ்சுப்புழு, தான் வளர்வதற்குள் அந்தப் பூச்சியைத் தின்று தீர்த்துவிடும். சிலந்தி, தட்டான் போன்ற இரைவிழுங்கிகள் பல பூச்சிகளைப் பிடித்துத் தின்று வாழ்பவை. இந்தக் குஞ்சுக்கோ பெரும்பாலும் ஒரே ஒரு பூச்சி போதும்.

இந்த வேறுபாட்டைக் காட்டவே அறிவியலில் ‘பாராசிட்டாய்டு’ என்ற தனிச்சொல் பிறந்தது. ஒட்டுண்ணியைக் குறிக்கும் ‘பாராசைட்’ கிரேக்க மூலம் கொண்டது. ‘பாரா’ என்றால் பக்கத்தில், ‘சிடோஸ்’ என்றால் தானியம், உணவு. பிறர் பந்தியில் அமர்ந்து உண்பவரைக் குறித்த சொல் அது. அதோடு ‘அதைப் போன்ற வடிவம்’ என்று பொருள்தரும் ‘ஆய்டு’ ஈற்றைச் சேர்த்து, 1913இல் இச்சொல்லை உருவாக்கியவர் பின்லாந்தின் பூச்சியியலாளர் ஓடோ ரொய்ட்டர்.

தமிழில் இரண்டுக்கும் ‘ஒட்டுண்ணி’ என்றே எழுதிவருகிறோம். ‘ஒட்டுண்ணிப்போலி’ என்று நேராகப் பெயர்க்கலாம்தான். ஆனால் ‘போலி’ என்றதும் ஏமாற்று என்ற எண்ணம் வந்துவிடுகிறது. ‘கொல்லொட்டுண்ணி’ என்பதே செயலைச் சரியாகச் சொல்கிறது என்பது என் கருத்து. வேளாண் எழுத்தில் நிலைத்துவிட்ட ‘ஒட்டுண்ணிக் குளவி’யை மாற்ற வேண்டியதில்லை. துல்லியம் தேவைப்படும் இடத்தில் மட்டும் புதுச்சொல்லை ஆளலாம்.

குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று நம் முன்னோர் சொன்னதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. மண்கூட்டுக்குள் புழு போனதையும் குளவி வந்ததையும் அவர்கள் கண்ணாரக் கண்டிருக்கிறார்கள். நடுவில் அந்தப் புழு உணவானதுதான் கண்ணுக்குத் தெரியவில்லை.

வயலில் இவற்றின் வேலை வியப்பானது. நெல் தண்டைத் துளைக்கும் குருத்துப்பூச்சியின் தாய் அந்துப்பூச்சி, முட்டைக் குவியலைத் தன் உடல் மயிரால் மூடிவிடும். டெலினோமஸ் குளவி அந்தத் தாயின் மேலேயே தொற்றிக்கொண்டு போய், மூடுவதற்குள் அம்முட்டைகளில் தன் முட்டையை இட்டுவிடும். டெட்ராஸ்டிகஸ் என்ற இன்னொரு குளவியின் குஞ்சுக்கு ஒரு முட்டை போதாது, பக்கத்து முட்டைகளையும் தின்னும். நெல்லைத் தாக்கும் ஆனைக்கொம்பன் ஈயைப் பிளாட்டிகேஸ்டர் குளவி பார்த்துக்கொள்ளும். ஒரு மில்லிமீட்டருக்கும் சிறிய டிரைக்கோகிரம்மா குளவியை, காகித அட்டையில் ஒட்டிய பூச்சி முட்டைகளில் வளர்த்தே வயலில் விடுகிறார்கள்.

அந்த அட்டையில் கருத்திருக்கும் முட்டைகள் கெட்டுப்போனவை அல்ல. உள்ளே குளவி வளர்வதால் வந்த நிறம் அது. அட்டையைக் கட்டிய கையோடு பூச்சிக்கொல்லி தெளித்தால் வெளிவரும் குளவிகள்தான் முதலில் சாகும்.