உறைபனி நேரத்துல கோழிக்கு தண்ணி வைங்க, தயவுசெஞ்சு

இந்த சீசன்ல கோழித் தண்ணி உறைஞ்சு போயி என்னைக் கூப்பிட்ட நாலாவது வீடு இது, அதனாலதான் உக்காந்து எழுதறேன். நீலகிரில எமரால்டு பக்கம் ஒரு அக்கா, 18 கோழி வச்சிருக்காங்க, காலைல 7 மணிக்கே போன். முட்டை நின்னு ரெண்டு வாரம் ஆச்சு, மூணு செத்துப்போச்சு, எச்சம் வெள்ளையா போகுது, வெள்ளைக்கழிச்சல் வந்துருச்சு சார் ஊசி எடுத்துட்டு வாங்கன்னு. நான் போய்ச் சேரும்போது எட்டேகால். வீட்டுக்குப் பின்னாடி, மத்தியானம் வரைக்கும் வெயிலே விழாத இடத்துல ஒரு அலுமினியச் சட்டி, மேல அரை விரல் தடிமனுக்கு ஐஸ். அந்த ஐஸ் மேல கோழி கொத்திக் கொத்தி புள்ளி புள்ளியா வெள்ளைத் தழும்பு. அடியில தண்ணி இருக்கு, அலகுதான் போகல. ரெண்டு கோழி அந்தச் சட்டியவே பாத்துட்டு நின்னுட்டு இருந்துச்சு.

அன்னைக்குக் காலைல செத்த கோழிய அங்கயே அறுத்துப் பாத்தேன். இரைப்பைல தீவனம் காஞ்ச மண்ணு மாதிரி கட்டியா நிக்குது, கிட்னி வீங்கி வெளுத்துப் போயிருக்கு, இதயத்து மேலயும் ஈரல் மேலயும் சாக்பீஸ் தூளத் தடவுன மாதிரி வெள்ளைப் படிவு. தண்ணி இல்லாம சிறுநீர்ல போக வேண்டிய யூரிக் அமில உப்பெல்லாம் வெளியேற முடியாம உள்ளயே படிஞ்சது அது. எச்சத்துல போன வெள்ளையும் அதேதான். வெள்ளைக்கழிச்சல்னா எச்சம் பச்சையும் வெள்ளையுமா தண்ணியா பீச்சும், மூச்சு இழுக்கும், சிலதுக்கு கழுத்து திருகும், இத்தனை நாள் இழுக்காம கூட்டையே காலி பண்ணிரும். வெள்ளையா எச்சம் பாத்த உடனே மருந்துக்கடைக்கு ஓடி ஆன்டிபயாடிக் வாங்கி தண்ணில கலக்காதீங்க, முதல்ல அந்தத் தண்ணி தண்ணியா இருக்கான்னு பாருங்க.

அக்காகிட்ட கேட்டேன், ஒரு நாளைக்கு எவ்ளோ தண்ணி வைக்கறீங்கன்னு. "குளுருக்கு அதுங்க எங்க சார் தண்ணி குடிக்குது, ஒரு சட்டி வச்சா ரெண்டு நாள் வரும்." நாலு வீட்லயும் இதே பதில். படிச்சவங்க, 20 வருஷமா கோழி வளக்கறவங்க, எல்லாரும் இதத்தான் சொல்றாங்க, எனக்கு நிஜமாவே கோவம் வருது. குளிர்ல நமக்கு தாகம் தெரியாது, சரி. கோழி நம்மள மாதிரி இல்ல. முட்டையிடற ஒரு கோழி ஒரு நாளைக்கு 110, 120 கிராம் தீவனம் திங்கும், அதுக்கு ரெண்டு மடங்கு, கால் லிட்டர் பக்கம் தண்ணி வேணும். குளிர்ல கொஞ்சம் கொறையும், ஆனா உடம்பச் சூடா வச்சுக்க தீவனம் அதிகமா திங்கும், காஞ்ச தீவனம், பல்லு கிடையாது, இரைப்பைல ஊறித்தான் கீழ இறங்கணும், ஊற எது வேணும்? முட்டைல முக்கால் பங்கு தண்ணிதான், அது எங்கருந்து வரும்? உறைபனி விழற நாள்ல காத்து வறண்டு கிடக்கும், உங்க உதடே வெடிக்குதுல்ல, மூச்சு விடும்போதெல்லாம் அதுக்கும் தண்ணி போயிட்டேதான் இருக்கும். 18 கோழிக்கு தினம் 4 லிட்டருக்கு மேல வேணும், அந்தச் சட்டி புடிக்கறது மொத்தமே 2 லிட்டர், அதுவும் பாதி நாள் ஐஸா இருக்கு. புல்லு மேல இருக்கற பனியக் கொத்திக்கும்னு ஒருத்தர் சொன்னாரு. அத உருக்கினா நாக்கு நனையும், அவ்ளோதான்.

நம்ம ஊரு பனிக்கு இது பெரிய கஷ்டமே இல்லைங்கறதுதான் வருத்தம். இங்க பகல் பூரா உறைஞ்சு கிடக்கறதில்ல, ராத்திரி வானம் தெளிஞ்சா 0 டிகிரிக்கு போகும், தலைகுந்தா அவலாஞ்சி பக்கம் அதுக்கும் கீழ, வெயில் ஏறினா சரியாயிரும். கோழி இருட்டினா தண்ணி குடிக்காது. அதனால சாயங்காலம் அது அடைஞ்ச உடனே தண்ணியக் கொட்டிட்டு சட்டியக் கவுத்து வச்சுருங்க, காலைல கூடு திறக்கும்போது வெதுவெதுன்னு புதுத் தண்ணி ஊத்துங்க. கை விட்டா சுடவும் கூடாது, சில்லுன்னும் இருக்கக் கூடாது. கொதிக்கக் கொதிக்க ஊத்தாதீங்க, குடிக்காது. டீ போடற அடுப்புல கூட ஒரு கெட்டில், அவ்ளோதான் வேலை. ராத்திரி பூரா காஞ்சு இறங்கற கோழி, அந்த முதல் ஒரு மணி நேரத்துலதான் நிறைய குடிக்கும்.

ஏழு மணிக்கு இலை பறிக்கப் போறவங்களுக்கு கஷ்டம்தான், புரியுது. அவங்க அலுமினியத்த விட்டுட்டு பழைய டயர வெட்டுன தொட்டியோ கறுப்பு பிளாஸ்டிக் டப்பாவோ சாக்கு மேல வைங்க, முதல் வெயில் விழற கிழக்குப் பக்கமா, மேல தகரமோ கூரையோ இருக்கற மாதிரி. தேயிலைக்கு பனி படாம மிலார் தழை போட்டு மூடறீங்கல்ல, அதே கணக்கு. தட்டையா பரந்த தட்டுதான் சீக்கிரம் உறையும், கொஞ்சம் ஆழமா வைங்க, குஞ்சு இருந்தா உள்ள ரெண்டு கல்லு போடுங்க. அலகால தட்டினா தண்ணி சொட்டற நிப்பிள் பைப் வச்சிருக்கற பண்ணைக்காரங்க ராத்திரி லைன வடிச்சு விடுங்க, காலைல ஒவ்வொரு நிப்பிளா தட்டிப் பாருங்க, நிப்பிள்தான் முதல்ல அடைக்கும்.

உப்பு போடாதீங்க. கடல் தண்ணிலயே 3.5 சதவீதம்தான் உப்பு, அது -1.9 டிகிரில உறைஞ்சுரும், அவ்ளோ உப்பு குடிச்சா கோழி செத்துரும். வண்டி ரேடியேட்டர்ல ஊத்தற கூலன்ட் பக்கமே போகாதீங்க, அது விஷம். தண்ணி உறையாம இருக்க கூட்டுக்குள்ள கரி அடுப்பு வச்சு சாத்தாதீங்க, அந்தப் புகையில நம்ம மலைல மனுஷங்களே தூக்கத்துல செத்திருக்காங்க. ராத்திரி கூட்டுக்குள்ள தண்ணிய வச்சு பிளாஸ்டிக் ஷீட்டால சுத்திக் கட்டறதும் வேண்டாம், ஈரமும் எச்ச நாத்தமும் சேந்து சளி புடிக்கும், ஈரக் குளிர்ல கொண்டை நுனி கறுத்துரும். காய்ஞ்ச கூட்டுல கோழி குளிரத் தாங்கிக்கும், உடம்பு பூரா றெக்கை இருக்கு.

ஏற்கனவே சோந்து போயிருந்தா, கண்ணு உள்ள போய் கொண்டை சுருங்கியிருந்தா, வெதுவெதுப்பான தண்ணில எலக்ட்ரோலைட் பவுடர் பாக்கெட்ல போட்ட அளவு மட்டும் கலந்து ரெண்டு மூணு நாள் குடுங்க. கூட்டத்துக்கு ஒரே சட்டி வைக்காதீங்க, பலசாலிங்க முந்திக்கும், ரெண்டு மூணு இடத்துல வைங்க. முட்டை உடனே வராது, எமரால்டு அக்காவுக்கு 19 நாள் கழிச்சு நேத்துதான் ரெண்டு முட்டை வந்துச்சு, போட்டோ அனுப்பிருந்தாங்க, ஓரத்துல ஆவி பறக்கற டயர் தொட்டியும் தெரிஞ்சுது.