தாளை மடக்கி உழ முடியாத ஊர்

ஐப்பசிக் கடைசியில் கும்பகோணத்திலிருந்து தில்லி மயூர் விஹாருக்கு வந்திறங்கிய அப்பா, பால்கனியில் நின்று மூக்கைச் சுளித்தார். அரியானாவில் நெல் அறுத்தபின் வயலில் நிற்கும் தாளைக் கொளுத்துகிறார்கள், அந்தப் புகையும் இந்தக் காற்றில் இருக்கிறது என்றேன்.

"கொளுத்துவானேன்? மடக்கி உழுதுட்டுப் போக வேண்டியதுதானேடா!"

நாற்பது வருஷம் தாளடி போட்டவர் வேறென்ன கேட்பார்? முதல் போகமான குறுவையை அறுத்த தாளிலேயே அடுத்த நடவு, தாளடி. அதனால்தான் அந்தப் பெயர். தண்ணீர் கட்டிச் சேற்றோடு மடக்கி உழுதால், நம் ஊர் வெதுவெதுப்பில் தாள் மட்கிவிடும். நெல்லுக்குப் பின் நெல், இரண்டுக்கும் சேறு.

அரியானாவில் கதை வேறு. தில்லியிலிருந்து கர்னாலைத் தாண்டிப் போனால் தராவடி என்ற சிற்றூர் வரும். 1191, 1192 தராயின் போர்கள் நடந்த இடம். இன்று பெயர் பாஸ்மதியால். பாஸ்மதி வைக்கோலை மாடு தின்னும், அதனால் அதைப் பெரும்பாலும் எரிப்பதில்லை. எரிவது மற்ற ரகங்கள். அறுவடை இயந்திரம் கதிரை வாங்கிக்கொண்டு, ஓரடி உயரத் தாளையும் உதிரி வைக்கோலையும் வயலிலேயே விட்டுப் போகிறது. அடுத்து கோதுமை. அதற்குச் சேறு ஆகாது. புழுதி மண் வேண்டும், நவம்பர் நடுவுக்குள் விதை விழ வேண்டும். குளிர் தொடங்கிவிட்டதால் தாள் மட்கவும் நாளாகும். போதாததற்கு, நிலத்தடி நீரைக் காக்கப் பஞ்சாபும் அரியானாவும் 2009இல் கொண்டுவந்த சட்டங்கள் நடவை ஜூனுக்குத் தள்ளின. அறுவடையும் தள்ளிப்போனது. கையில் மிஞ்சுவது இரண்டு, மூன்று வாரம். தீக்குச்சிதான் மலிவு.

ஆனால் தில்லி மூச்சுத் திணற இந்தப் புகை மட்டுமே காரணமென்றால் ஒரு கணக்கு இடிக்கிறது. கோதுமை அறுத்த பின் ஏப்ரல், மே மாதங்களிலும் அங்கே தாள் எரிகிறது, நெல் தாளைவிடக் குறைவாக. அப்போது தில்லி இப்படித் திணறுவதில்லை. டிசம்பர், ஜனவரியில் தாள் அநேகமாக எரிவதே இல்லை, தில்லி திணறுகிறது.

விஷயம் தலைக்கு மேல் இருக்கிறது. பொதுவாக உயரே போகப் போகக் காற்று குளிரும், கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 6.5 டிகிரி. கோடைப் பகலில் தரை கொதிக்க, சூடான காற்று புகையைத் தூக்கிக்கொண்டு இரண்டு மூன்று கிலோமீட்டர் ஏறிக் கலந்துவிடும். பனிக்கால இரவில் வானம் தெளிவு, காற்று மந்தம். தரை தன் சூட்டை விண்ணுக்கு விட்டுவிட்டு, தன்னை ஒட்டிய காற்றையும் குளிர வைக்கிறது. மேலே வெதுவெதுப்பு, கீழே குளிர். குளிர்ந்த காற்று கனமானது, எழும்பாது. இதுதான் வெப்பத் தலைகீழ் மாற்றம். 2000 மீட்டரில் பரவியிருக்க வேண்டிய புகை 200 மீட்டருக்குள் அடைந்தால், ஒரு வண்டியும் கூடாமலே செறிவு பத்து மடங்கு.

இந்தக் கூரைக்குள்தான் வாகனப் புகை, கட்டுமானப் புழுதி, குப்பை நெருப்பு எல்லாம் சேர்கின்றன. வடமேற்குக் காற்று கொண்டுவரும் தாள் புகையின் பங்கு நவம்பரில் சில நாட்களில் மூன்றிலொன்றையும் தாண்டியிருக்கிறது. தும்மலில் நிற்காமல் நுரையீரலின் ஆழம்வரை போகும் பி.எம். 2.5 என்ற நுண்துகள்களுக்கு இந்தியா வைத்திருக்கும் நாள் வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். மோசமான நாட்களில் இங்கே அது பல மடங்கு. நம் ஊர் ஐப்பசி அடைமழை காற்றைக் கழுவிவிடும். இங்கே நவம்பரில் மழையே அபூர்வம்.

பனிமூட்டமும் தனிக் கதை. குப்பையோடு பிளாஸ்டிக் எரியும்போதும் சில தொழிற்சாலைகளிலிருந்தும் வரும் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி, காற்றிலுள்ள அம்மோனியாவோடு சேர்ந்து அம்மோனியம் குளோரைடு ஆகிறது. அது ஈரத்தை உறிஞ்சி ஊதி, பார்வையை மறைக்கிறது. சென்னை ஐஐடி தலைமையிலான ஆய்வு 2021இல் இதைச் சொன்னது. அம்மோனியாவின் பெரும்பங்கு எங்கிருந்து? யூரியா, சாணம். இதிலும் வயலுக்குப் பங்கு இருக்கிறது.

அப்பாவுக்குப் போகியைச் சொல்லிப் புரியவைத்தேன். அன்று விடிகாலை சென்னையிலும் இதே கூரைதான். வெயில் ஏறி, கடற்காற்றும் வந்தால் கலைந்துவிடும். தில்லிக்குக் கடல் இல்லை. தராவடிக்கும் இல்லை; புகையை முதலில் மூச்சில் வாங்குபவர் கொளுத்தியவரே.

தாளை எரிக்காமல், உழாமல், நிற்கும் தாளுக்கு நடுவிலேயே கோதுமையை விதைக்கும் 'ஹேப்பி சீடர்' இயந்திரத்தைக் கைபேசியில் காட்டினேன். வருஷத்தில் சில வாரம்தான் வேலை, விலை அதிகம், இழுக்கப் பெரிய டிராக்டர் வேண்டும் என்றும் சொன்னேன். அப்பா வீடியோவை மறுபடி ஓடவிட்டார்.

"அட, இதுவும் தாளடிதான்டா."