பள்ளிக்கூடத்திலேயே மனநல உதவி: சென்னைப் பெற்றோர் என்ன கேட்கலாம், யாரிடம் கேட்கலாம்

திங்கட்கிழமை காலையானால் அந்தப் பையனுக்கு வயிறு வலிக்கும். ஏழாம் வகுப்பு. அம்மா வீட்டு வேலைக்குப் போகிறவர். மூன்று மாதத்தில் இரண்டு டாக்டர், ஒரு ஸ்கேன், தர்காவில் மந்திரித்துக் கட்டிய ஒரு கறுப்புக் கயிறு. வயிற்றில் ஒரு கோளாறும் இல்லை.

வட சென்னையில் நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராக இருந்த பள்ளி அது. புதன்கிழமைதோறும் ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து ஆலோசகர் ஒருவர் வருவார். பிள்ளைகளுக்கு அவர் வெறும் ‘அக்கா’. அவர் அந்தப் பையனிடம் தமிழ்ப் புத்தகத்தை நீட்டி, “உனக்குப் பிடிச்ச பக்கத்தைப் படி” என்றார். அவன் படம் போட்ட பக்கத்தைத் திருப்பி, கடகடவென்று ஒரு கதை சொன்னான். நல்லாத்தான் சொன்னான். ஆனால் அவன் கண் எழுத்தின் மேல் ஒரு தடவைகூடப் போகவில்லை. வகுப்பில் கேட்டு மனப்பாடம் ஆன கதை அது. திங்கட்கிழமை முதல் பீரியட் தமிழ். வரிசையாக எழுந்து நின்று வாய்விட்டு வாசிக்க வேண்டும். வயிற்று வலியின் காரணம் அங்கே இருந்தது.

அந்த அக்கா எங்கள் பள்ளிக்கு வந்ததற்குக் காரணம் மேலாண்மைக் குழு போட்ட ஒரு பக்கத் தீர்மானம். சென்னையில் பெரும்பாலான பள்ளிகளுக்குப் பக்கத்திலேயே உதவி செய்ய ஆள் இருக்கிறது. பள்ளியையும் அவர்களையும் இணைக்கும் காகிதம்தான் இருப்பதில்லை. அந்தக் காகிதத்தைக் கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு. அது எங்கிருந்து வருகிறது, எப்படிக் கேட்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சட்டத்தில் என்ன இருக்கிறது

அடிப்படை, மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அரசு நடத்தும் அல்லது அரசு பணம் கொடுக்கும் மனநலச் சேவையைப் பெற ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்கிறது அதன் 18-வது பிரிவு. குழந்தைகளுக்கான மனநலச் சேவையும் அதில் தனியாகவே சொல்லப்பட்டிருக்கிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அந்தச் சிகிச்சை இலவசம்.

அடுத்தது, பலருக்கும் இன்னும் போய்ச் சேராத ஒன்று. 2025 ஜூலை 25 அன்று, சுக்தேப் சாஹா எதிர் ஆந்திரப் பிரதேச அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 15 வழிகாட்டுதல்களைக் கொடுத்தது. தனியாகச் சட்டம் வரும்வரை இவை நாடு முழுவதும் கட்டுப்படுத்தும். அரசுப் பள்ளி, தனியார் பள்ளி, கல்லூரி, கோச்சிங் சென்டர், விடுதி என எதற்கும் விலக்கு இல்லை.

அதில் பெற்றோருக்கு முக்கியமானது இது: 100 அல்லது அதற்கு மேல் பிள்ளைகள் படிக்கும் நிறுவனத்தில், தகுதியுள்ள ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருவராவது இருக்க வேண்டும். 100-க்குக் குறைவாக இருந்தால், வெளியே உள்ள மனநல வல்லுநர்களோடு முறையான பரிந்துரைத் தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டும். ‘முறையான’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ‘தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர் இருக்கார், தேவைப்பட்டா போன் பண்ணிக்கலாம்’ என்பது முறையான தொடர்பு ஆகாது. எந்தப் பிள்ளையை, எப்போது, யாரிடம், எப்படி அனுப்புவது என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

ஆசிரியர்களுக்கும் மற்றப் பணியாளர்களுக்கும் வருடத்துக்கு இரண்டு முறை பயிற்சி தர வேண்டும் என்கிறது தீர்ப்பு. மற்றப் பணியாளர் என்றால் ஆயாம்மா, வாட்ச்மேன், ஆபீஸ் உதவியாளர் எல்லாரும்தான். எனக்கு மிகவும் பிடித்த வரி இது. அழுதுகொண்டு கழிவறையில் ஒளியும் பிள்ளையை முதலில் பார்ப்பது பெரும்பாலும் ஆயாம்மாதான். மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைப்பது, எல்லார் முன்னாலும் அவமானப்படுத்துவது ஆகியவை கூடாது என்றும் தீர்ப்பு சொல்கிறது. டெலி மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) உள்ளிட்ட உதவி எண்களை வகுப்பறையிலும் பொது இடங்களிலும் பெரிய எழுத்தில் எழுதிவைக்க வேண்டும். சுவரில் எண் எழுதச் செலவு ஒன்றும் இல்லை. நாளைக்கே கேட்டுச் செய்ய வைக்கலாம்.

சி.பி.எஸ்.இ. பள்ளி என்றால் இன்னொரு பிடியும் உண்டு. மேல்நிலை வகுப்புகள் உள்ள பள்ளிகளில் ஆலோசகர் இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய இணைப்பு விதியிலேயே இருக்கிறது. அட்மிஷன் நேரத்தில், “ஆலோசகர் யாரு, வாரத்துல எத்தனை நாள் வர்றாங்க?” என்று தயங்காமல் கேளுங்கள்.

பள்ளிக்கு வெளியே யார் இருக்கிறார்கள்

வாசலுக்கே வருகிறவர்களிலிருந்து தொடங்கலாம். அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு வருடத்துக்கு ஒரு முறை மருத்துவக் குழு வரும். 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் குழு அது. பல், கண், ரத்தசோகை மட்டும் பார்ப்பார்கள் என்று பலரும் நினைக்கிறோம். கற்றல் குறைபாடு, நடத்தைச் சிக்கல், கவனக்குறைவு, ஆட்டிசம் ஆகியவையும் அவர்கள் பார்க்க வேண்டிய பட்டியலில் உண்டு. குழு வருவதற்கு முந்தைய வாரம் வகுப்பாசிரியரிடம் உங்கள் கவலையை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஒரு பிள்ளைக்குச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். அந்தச் சீட்டு இல்லாவிட்டால் பல்லைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

மாவட்ட மனநலத் திட்டம் 1996-ல் தொடங்கியது. மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர் சேர்ந்த அணி இதில் வேலை செய்கிறது. பள்ளிகளுக்குப் போய் வாழ்க்கைத் திறன் வகுப்பும் ஆலோசனையும் தருவது இந்தத் திட்டத்தின் பணிகளில் ஒன்று. ஆக, பள்ளி அவர்களைக் கூப்பிடுவது சலுகை கேட்பது ஆகாது.

மருத்துவமனை அளவில் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையும், கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையும் இருக்கின்றன. கீழ்ப்பாக்கம் 1794-ல் தொடங்கியது. அந்த ஊர்ப் பெயரையே வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். ‘கீழ்ப்பாக்கத்துல சேர்த்துடுவேன்’ என்று வகுப்பிலேயே பிள்ளைகள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். இந்த ஒரு சொல்லுக்குப் பயந்தே பல அம்மாக்கள் ஓ.பி. சீட்டு போடப் போவதில்லை. அங்கே குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு உண்டு. பார்த்துவிட்டு அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம்.

தொண்டு நிறுவனங்கள் சென்னையில் நிறைய. தற்கொலைத் தடுப்புக்காக 1986-ல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ஸ்நேகா இங்கேதான் இருக்கிறது, எண் 044-24640050. மனச்சிதைவு நோய் உள்ளவர்களுக்காக 1984-ல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப் அண்ணா நகரில் இருக்கிறது. இவை தவிர, சமூகப் பணித் துறை உள்ள கல்லூரிகளும் உண்டு. அங்கே எம்.எஸ்.டபிள்யூ. படிக்கும் மாணவர்கள் களப்பணிக்கு இடம் தேடிக்கொண்டே இருப்பார்கள். பேராசிரியரின் மேற்பார்வையில் அவர்கள் வாரம் இரண்டு நாள் வந்தால் சிறிய பள்ளிக்குப் பெரிய பலம். ஆனால் கல்வியாண்டு முடிந்தால் ஆள் மாறிவிடுவார். அதை முதலிலேயே பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும். நம்பிப் பேசிய ஒருவர் சொல்லாமல் காணாமல் போவது பிள்ளைக்கு இன்னொரு அடி.

இணைப்பது எப்படி

கல்வி உரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவுப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்கள். உள்ளாட்சி உறுப்பினரும் ஆசிரியரும் அதில் உண்டு. எங்கள் கூட்டத்தில் ஒருவர் “நம்ம பள்ளிக்கு ஒரு கவுன்சிலர் வேணும்” என்றதும், வார்டு கவுன்சிலரைத்தான் சொல்கிறார் என்று பாதிப் பேர் நினைத்துக்கொண்டார்கள். அதனால் தீர்மானத்தில் ‘மனநல ஆலோசகர்’ என்றே எழுதுங்கள்.

நாங்கள் போட்ட தீர்மானம் கிட்டத்தட்ட இப்படி இருந்தது:

“நமது பள்ளி மாணவர்களுக்கு வாரம் ஒரு நாள், குறிப்பிட்ட நேரத்தில், ஒரே மனநல ஆலோசகர் வருவதற்கும், தேவைப்படும் மாணவரை அரசு மருத்துவமனைக்குப் பரிந்துரைப்பதற்கும், பொறுப்பாசிரியர் ஒருவரை நியமிப்பதற்கும், தனியாகப் பேச அறை ஒதுக்குவதற்கும் குழு ஒருமனதாகத் தீர்மானிக்கிறது. இதற்கான துறை அனுமதியைப் பெறத் தலைமை ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறது.”

‘ஒரே ஆலோசகர்’ என்ற சொல்லுக்காக நான் கொஞ்சம் சண்டையே போட்டேன். ஒரு நாள் வந்து மைக்கில் பேசி, பிஸ்கட் கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு போகும் முகாமைச் சேவை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்தப் பையன் அக்காவிடம் முதல் இரண்டு புதன்கிழமையும் வாயே திறக்கவில்லை. மூன்றாவது வாரமும் அதே முகம் வந்து உட்கார்ந்ததால்தான் புத்தகத்தையே கையில் வாங்கினான்.

துறை அனுமதியைத் தவிர்க்கக் கூடாது. 2024-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் போலி என்.சி.சி. முகாம் நடத்தியவர்களால் பள்ளி மாணவிகளுக்கு நேர்ந்த கொடுமை நமக்குத் தெரியும். வெளியாள் யாரும் எழுத்து அனுமதி இல்லாமல் பிள்ளைகளோடு தனியாக இருக்கக் கூடாது. வருகிறவரின் படிப்புச் சான்று, அடையாளச் சான்று, நிறுவனத்தின் கடிதம் மூன்றையும் பள்ளி வாங்கி வைக்க வேண்டும். ‘கிளினிகல் சைக்காலஜிஸ்ட்’ என்று ஒருவர் சொன்னால், அவருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்கும்; கேட்டுப் பாருங்கள். தகுதியானவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அறை விஷயம் சின்னதாகத் தெரியும். எங்களுக்கு முதலில் கிடைத்தது விளையாட்டுச் சாமான் வைக்கும் அறை. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை யாராவது பந்து எடுக்க வருவார்கள். உள்ளே அழுதுகொண்டிருக்கும் பிள்ளை உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கும். அப்புறம் நூலகத்தின் ஒரு மூலையை மாற்றிக் கொடுத்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஆள் தெரியும், பேச்சு கேட்காது. பாதுகாப்புக்கும் ரகசியத்துக்கும் அதுதான் சரியான இடம்.

பிள்ளை சொன்னது யாருக்குப் போகும்

பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி இது. மனநலச் சட்டத்தின் 23-வது பிரிவு ரகசியத்தைக் காக்கச் சொல்கிறது. வகுப்பாசிரியருக்கோ மற்றப் பெற்றோருக்கோ விவரம் போகக் கூடாது. வருகைப் பதிவேட்டிலோ மாற்றுச் சான்றிதழிலோ இதைப் பற்றி ஒரு வரியும் எழுத வேண்டிய தேவை இல்லை. ஆசிரியருக்கு வேண்டியது, “இவனை இப்போதைக்கு எழுப்பி வாசிக்கச் சொல்லாதீங்க” என்ற அளவுதான்.

இரண்டு இடத்தில் ரகசியம் நிற்காது. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் பெற்றோருக்கு உடனே சொல்லியாக வேண்டும். பாலியல் துன்புறுத்தல் என்றால், போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம், மறைத்தால் குற்றம். நல்ல ஆலோசகர் இந்த இரண்டையும் முதல் நாளே பிள்ளையிடம் சொல்லிவிடுவார். “அப்படிச் சொன்னா பிள்ளை வாயைத் திறக்குமா?” என்று ஒரு அப்பா கேட்டார். திறக்கிறது. யாரோ நம்மைக் காப்பாற்றுவார்கள் என்று தெரிந்தால் இன்னும் சீக்கிரம் திறக்கிறது.

ராத்திரியில் தேவைப்பட்டால்

14416, டெலி மானஸ். 2022 அக்டோபரில் தொடங்கியது. தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்று பெயர். 24 மணி நேரமும், தமிழில், இலவசமாகப் பேசலாம். தேர்வு முடிவு வரும் நாளில் இந்த எண் வீட்டுச் சுவரில் இருக்கட்டும். பள்ளிக் கல்வித் துறையின் எண் 14417. ஒரே ஓர் இலக்கம்தான் வித்தியாசம், குழம்பிக்கொள்ள வேண்டாம். குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098. தற்கொலைக்கு முயன்ற பிள்ளையை மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து தாமதிக்காதீர்கள். மனநலச் சட்டத்தின் 115-வது பிரிவு, அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது.

பள்ளி கேட்கவில்லை என்றால்

வாயால் சொன்னதை எழுத்தாக்குங்கள். நகலில் தேதியும் சீலும் வாங்குங்கள். அரசுப் பள்ளி என்றால் முதன்மைக் கல்வி அலுவலர், மாநகராட்சிப் பள்ளி என்றால் மாநகராட்சிக் கல்வித் துறை, தனியார் மெட்ரிக் என்றால் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலர், சி.பி.எஸ்.இ. என்றால் சென்னை மண்டல அலுவலகம். உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி மாவட்ட ஆட்சியர் தலைமையில் கண்காணிப்புக் குழு அமைய வேண்டும்; ஆட்சியரிடம் திங்கட்கிழமை மனு கொடுக்கும்போது தீர்ப்பின் தேதியைக் குறிப்பிட்டே எழுதுங்கள்.

கடைசியாக, சான்றிதழ். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-ன் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் மனநோயும் ஆட்டிசமும் உண்டு. அரசு மருத்துவமனையில் பரிசோதித்துச் சான்றிதழ் வாங்கினால், பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதித் தர ஓர் ஆள், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளுக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் தலைமை ஆசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குப் போகும். தேர்வுக்கு முந்தைய மாதம் ஓடினால் முடியாது. ஒன்பதாம் வகுப்பிலேயே ஆரம்பியுங்கள்.

அந்தப் பையனுக்கு எழும்பூரில்தான் பரிசோதனை நடந்தது. நான்கு முறை போய்வர வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் அவன் அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போனது. இப்போது அவன் ஒன்பதாவது. சான்றிதழை அவன் அம்மா ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் கவரிலேயே வைத்திருக்கிறார்.